துண்டு வீசுற முறை

தம்பி, இந்தப் பையைச் செத்த மேல வச்சு விடுங்க. ஆங், அங்கனதான். நசுங்கிறாமப் பாத்து. நல்லா இருப்பீக. எனக்குக் கை எட்டும், எட்டாமலெல்லாம் இல்ல. பஸ்ஸு ஆடுதுல்ல, அதான்.

மடியில என்ன, கேமராவா? எம்புட்டுப் பெருசு! அப்ப நீங்க எங்க ஊரு நிறுத்தத்துலதான் ஏறியிருக்கணும். நான் பின்வாசல்ல ஏறினேன், கவனிக்கல. பறவை பாக்க வந்தீகளாக்கும். எங்கிட்டு இருந்து? மதுரையா. மதுரையில இருந்து மாணிக்கனேந்தலுக்குக் கொக்கு பாக்க! ஏன், மதுரையில கொக்கு இல்லையா? சரி சரி, கோச்சுக்காதீக. நான் இப்பிடித்தான் பேசுவேன். ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

கேட்டுல டிக்கெட்டு கிழிச்சாய்ங்களா? கிழிச்சிருப்பாய்ங்க. நான் பொறந்து முங்கி எந்திரிச்ச தண்ணிய எட்டிப் பாக்க எவனோ ஒருத்தன் டிக்கெட்டு கிழிக்கிறான். இப்ப அதுல நான் கால நனைச்சா குத்தம். ஆடு எறங்குனா குத்தம். கருவ மரத்துல ஒரு குச்சி ஒடிச்சுப் பல்லு வெளக்குனா குத்தம். ஆறு மணிக்கு மேல கரையில நடந்தா குத்தம். அந்த போர்டைப் படிச்சீகளா? செய்யாதே செய்யாதேன்னு வரிசையா எழுதி வச்சுட்டு, கடைசியில 'நன்றி'ன்னு போட்டிருக்கான் பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரியும். எதுக்குடா நன்றி? நான் என்ன மனசாரக் குடுத்தேனா?

அதுல பட்டாசு வெடிக்காதீர்னு ஒரு வரி இருக்கும். தம்பி, எங்க ஊர்ல தீபாவளிக்கு வெடி போட்டே பழக்கமில்ல. எங்க அப்பன் காலத்துலயே இல்ல. ஐப்பசியில நாரை வந்து மரத்துல அடையும், பயந்து எந்திரிச்சா முட்டை கீழ விழுந்துரும்னு ஊரே பேசி ஒத்துக்கிட்டது. புள்ளைக அழுதா பக்கத்து ஊரு மாமன் வீட்டுக்கு அனுப்பி வெடிக்க விடுவோம். பேப்பர்காரன் வருசா வருசம் வந்து போட்டோ புடிச்சுட்டுப் போவான். நாங்களா வெடிக்காம இருந்த வரைக்கும் அது பெருமை. போர்டு வச்ச பெறகு நாங்க போர்டுக்குப் பயந்தவய்ங்க. அம்புட்டுதான். எங்க அப்பன் பாட்டன் சேத்து வச்ச பெருமையை ஒரு தகரத்துல எழுதி ஆணி அடிச்சுட்டாய்ங்க.

எம் பேரு வெள்ளைக்கண்ணு. ஊருக்கு அம்பலம், தலைவரு மாதிரின்னு வைங்க. வெள்ளைக்கண்ணு அம்பலம்னு சொன்னா சுத்துப்பட்டுல தெரியாதவன் கெடையாது. துண்டு வீசுற முறை எங்க வீட்டுக்குத்தான். துண்டுன்னா தெரியாதா? சுத்தம். கழுத்துல கேமரா தொங்குது, துண்டு தெரியல.

சொல்றேன். சித்திரை கடைசி, வைகாசியில கண்மாய் வத்தி முழங்கால் தண்ணி கெடக்குறப்ப மீன்பிடித் திருவிழா. முன்கூட்டியே எல்லா ஊருக்கும் சொல்லி விட்டுருவோம். ஊத்தா கொண்டுவருவான், அதாங்க, அடியில்லாத கூடை, சேத்துல மீனைக் கவுத்துப் புடிக்கிறது. வலை கொண்டுவருவான். ஒண்ணுமில்லாதவன் பொண்டாட்டியோட பழைய சேலையக் கொண்டுவருவான். விடிஞ்சும் விடியாம கரை நெறையச் சனம். விரால் மீனு கண்ணு முன்னால துள்ளும். ஒருத்தன் காலை நனைக்க மாட்டான். ஏன்? துண்டு விழல!

நான் அய்யனாருக்குச் சூடம் காட்டிட்டு வருவேன். கரை மேட்டுல ஏறி, புது வெள்ளைத் துண்டை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கி ஒரு வீசு வீசுவேன். வீசுனேன்னு வைங்க, ஓன்னு ஒரு சத்தம். அம்புட்டுப் பேரும் எறங்கிருவான். வாத்தியாரு எறங்குவாரு, காவலுக்கு வந்த போலீசுக்காரன் எறங்குவான். எனக்கு முன்னால எங்க பாத்தாலும் ஓடுற முதுகுதான். எம்புட்டுப் பெருமை அது, ஒங்களுக்குப் புரியாது. ஒத்த ஆளு கை அசைஞ்சா பத்து ஊரு ஓடுது. கலெக்டரு கை அசைச்சா ஓடுவானா? நின்னு மனு குடுப்பான்.

அன்னிக்குப் புடிச்ச மீனை விக்கக் கூடாது. ஆக்கித் திங்கணும், இல்லாட்டி சொந்தபந்தத்துக்குக் குடுக்கணும். கட்டிக்குடுத்த பொண்ணுக எல்லாம் புருசனோட வந்துரும். எந்தத் தெருவுல நடந்தாலும் மீன்கொழம்பு வாசம். ஒவ்வொரு வீட்டுலயும் முதக் கிண்ணம் அம்பலத்துக்குன்னு எடுத்து வைப்பாக. திங்க முடியாது தம்பி, வயிறு ஒண்ணுதானே. ஆனா வந்துரும். வரணும்.

சன்னலைச் செத்த சாத்துங்க, காத்து மூஞ்சியில அடிக்கிது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான், சேவுகன். வாயில்லாப் பூச்சி. நாலு பேரு மத்தியில நிக்கச் சொன்னா வேட்டி நுனியத் திருகிக்கிட்டு நிப்பான். ஆடு வச்சிருந்தான், அதுகளோட பேசுவான், மனுசனோட பேச வராது. நான் துண்டு வீசப் போறப்ப கூடவே வந்து, கீழ நின்னு என் செருப்பைக் காவ காப்பான். அதுதான் திருவிழாவுல அவன் உத்தியோகம்.

இப்ப முறை என்னன்னா, வீசுறவன் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கணும். எதிர்க்கரையில நிக்கிறவனுக்குத் தெரியணும்ல. கை தூக்க வரலைன்னா அடுத்தவனுக்குப் போயிரும். எங்க அப்பனுக்கு வாதம் வந்து கை விழுந்தப்பதான் எனக்கு வந்துச்சு. அது நியாயம், நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு என்ன வந்துச்சு? மோட்டாரைத் தூக்குறப்ப வலது தோள்பட்டை லேசாப் புடிச்சுக்கிச்சு. லேசாத்தான். எண்ணெய் போட்டு நீவி விட்டாக, சரியாப் போச்சு.

அந்தத் திருவிழாவுல துண்டை வீசுறேன், எதிர்க்காத்து. காத்து தம்பி! துண்டு மேல போகாம என் மூஞ்சியிலேயே வந்து அப்பிக்கிச்சு. பாதிச் சனம் துண்டு விழுந்துருச்சுன்னு எறங்கிருச்சு. மீதிச் சனம் இன்னும் விழலைன்னு நிக்கிது. மேலக்கரைக்காரன் மீனை அள்ளுறான், கீழக்கரைக்காரன் கரையில நின்னு கத்துறான். அப்புறம் என்ன, அடிதடி. ஒருத்தனுக்கு மண்டை ஒடைஞ்சுச்சு. எல்லாம் காத்தால வந்த வெனை.

சாயங்காலம் கோயில்ல கூட்டம் போட்டாய்ங்க. பெரிய மனுசன்னு நாலு நரைச்ச தலைக. என்ன சொன்னாய்ங்க தெரியுமா? "அம்பலம், ஒனக்குக் கை தூக்க வரல. அடுத்த வருசம் சேவுகன் வீசட்டும்." எங்கிட்ட! என் கொழம்புக் கிண்ணத்தை எண்ணிக்கிட்டே இருந்தவய்ங்க! சேவுகன் அங்கன உக்காந்து தரையப் பாக்குறான். எங்க அண்ணன் இருக்கையில நானான்னு ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா? சொல்லல. தரையப் பாத்துக்கிட்டே சிரிக்கிறான். நான் பாத்தேன், காது வரைக்கும் சிரிப்பு. அடுத்த வாரமே சிவகங்கைக்குப் போயி ஒரு துண்டு எடுத்துட்டு வந்துட்டான். கைத்தறி, ஓரத்துல சரிகை. திருவிழாவுக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கு! அம்புட்டு ஆசை. அம்புட்டு அவசரம். வாயில்லாதவனுக்குள்ள இதெல்லாம் எங்கன இருந்துச்சோ.

அந்த வருசம் மழை முடிஞ்சு ஒரு ஆபீசர் வந்தாரு. காட்டிலாகா. கழுத்துல தூரக்கண்ணாடி. கரையில நின்னு நாரையை எண்ணிக்கிட்டிருந்தாரு. நான்தான் எளநி வெட்டிக் குடுத்தேன். குடுத்துட்டுச் சொன்னேன், "அய்யா, இந்தப் பறவைகளைக் கேக்க நாதியில்ல. கோடையில பத்து ஊரு சனம் எறங்கி மீனை வழிச்சு எடுத்துட்டுப் போயிருது. அப்புறம் பறவை வந்து என்னத்தத் திங்கும்? குஞ்சு பொரிச்சுப் பட்டினியாக் கெடக்குதுக. நீங்கதான் காப்பாத்தணும்"னேன். அவருக்குக் கண்ணுல தண்ணி. எனக்கும்தான்.

ஏன் சிரிக்கிறீக? பறவை மேல எனக்குப் பாசம் இருக்கக் கூடாதா? அதுக்கு முன்ன நாரைக்கும் நீர்க்காக்காவுக்கும் வித்தியாசம் தெரியாது, அது வேற விசயம். பாசம்னா பாசம்தான். துண்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்களா முடிச்சுப் போடாதீக.

நான் என்ன நெனச்சேன்? சர்க்காரு வெளியூர்க்காரனைத் தடுக்கும், நம்ம கண்மாயில நாம எறங்கலாம். கூட்டம் கொறைவா இருந்தா தலைக்கு மேல தூக்கி வீச வேண்டியதில்ல, சும்மா நெஞ்சு மட்டத்துக்குக் காட்டுனாப் போதும். தகவல் சொன்னவனுக்கு ஒரு மரியாதை இருக்கும்ல? மண்ணாங்கட்டி! அந்தக் கோடைக்கே உத்தரவு வந்துருச்சு. ஒருத்தனும் எறங்கக் கூடாது. உள்ளூரு, வெளியூரு, அம்பலம், ஆட்டுக்காரன், எல்லாருக்கும் ஒரே பூட்டு. நேத்து மொளைச்ச வாச்சர் பய எங்கிட்ட வந்து, "பெருசு, கரைய விட்டு எறங்கு"ங்கிறான். நான் கொண்டுவந்த சட்டம்டா அது! என்னையே எறங்கச் சொல்றியா?

ஊரு கொந்தளிச்சுப் போச்சு. எவன் போயிச் சொன்னான்னு தேடுனாய்ங்க. நானும் சேந்து தேடுனேன். எந்தப் படுபாவி காட்டிக் குடுத்தானோ அவன் வெளங்க மாட்டான்னு கோயில் வாசல்ல மொத ஆளா மண்ணை வாரித் தூத்துனது நான்தான். ஒங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க மதுரை.

அப்புறம் சரணாலயம்னு பேரு வச்சு ஒரு திறப்பு விழா. பந்தல் போட்டாய்ங்க. எனக்கு மூணாவது வரிசையில ஒரு பிளாஸ்டிக் சேரு. நாரைப் படம் போட்ட ஒரு தொப்பி. தலைக்குச் சேரவும் இல்ல. பெரிய ஆபீசரு மேடையில நின்னு ஒரு பச்சைக் கொடியை அசைச்சாரு. சுண்டுவெரலு நீளம் கொடி. யாரு ஓடுனா? ஒருத்தரும் ஓடல. பள்ளிக்கூடத்துப் புள்ளைகளைக் கைதட்டச் சொன்னாய்ங்க, தட்டுச்சுக. இதுக்கா கொடி? அதுகூடத் தலைக்கு மேல தூக்கல, காது வரைக்கும்தான். அவருக்குத் தோள்பட்டை சரியில்லைன்னு எவனாவது கூட்டம் போட்டானா?

கேலிக்கூத்து என்னன்னா, கோடையில அங்க ஒரு பறவை இருக்காது தம்பி. மாசியிலயே கெளம்ப ஆரம்பிச்சுரும், சித்திரையில ஒரு எறகு கெடக்காது. காஞ்சு வெடிச்ச கண்மாய்க்கு ரெண்டு வாச்சர் காவல். மீனு சேத்துல புரண்டு செத்து நாறுது. தெருநாயி உள்ள போயி இழுத்துத் திங்கிது. நாய்க்குத் தடையில்ல, அதுக்குத்தான் போர்டு படிக்கத் தெரியாதே. பொண்டு புள்ளைக கேட்டுக்கு வெளிய நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாக்குதுக. இதைத்தான் பாதுகாப்புங்கிறாய்ங்க. போங்கடா நீங்களும் ஒங்க பாதுகாப்பும்.

சேவுகனுக்கு ஆடும் போச்சு. மேய்ச்சலே கண்மாய்க்குள்ளதானே. வித்துட்டுச் செங்கல் சூளைக்குப் போனான். ஆனா சித்திரை பொறந்தா எங்கிட்ட வந்துருவான். "அண்ணே, இந்த வருசம் விட்டுருவாய்ங்களா?" "சட்டம்டா, சட்டம்"பேன். "ஒரு நாளுதானே அண்ணே. நீ போயி அந்த ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு." "எந்த ஆபீசரைடா எனக்குத் தெரியும்?"னு கேப்பேன். என் மூஞ்சியவே பாப்பான். அப்புறம் வேட்டி நுனியத் திருகிக்கிட்டுப் போயிருவான். மறு வருசம் திரும்ப வருவான், அதே கேள்வி, அதே வேட்டி. கேட்டுக்கு வெளிய நின்னு வெறுங்கையத் தலைக்கு மேல தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டிருப்பானாம். பழகுறானாம்! எங்க வீட்ல சொல்லிச் சிரிச்சாக. நானும் சிரிச்சேன்.

போன மாசம், மார்கழியில, செத்துப் போனான். காலையில டீக்கடைக்குப் போனவன் பெஞ்சுலயே சாஞ்சுட்டான். நெஞ்சுவலி. என்னைவிடச் சின்னவன். எனக்கு முன்னால போயிட்டான், அதுலயும் அவசரம். அழுதேன் தம்பி. அழாம இருப்பேனா? ஒரு வயித்துல பொறந்தவன்.

இனிமேதான் விசயம் இருக்கு. இதுக்குத்தான் நான் கலெக்டர் ஆபீசுக்குப் போறேன்.

சுடுகாட்டுக்கு வழி கரை மேலதான். கரைக்குக் கேட்டு. பறவை அடைகாக்கிற மாசம், கூட்டமா ஆளு போகக் கூடாது. வயக்காட்டு வழியாத் தூக்கிட்டுப் போகலாம்னா நெல்லு நிக்கிது. அங்க இப்ப ஒரு ரேஞ்சரம்மா இருக்கா, ஷைனியாம், நாகர்கோயில் பக்கம். தொப்பி, பூட்சு எல்லாம் உண்டு. என் பேத்தி வயசு இருக்கும். இன்னிக்கு இவளை ஒரு வழி பண்ணிரணும்னு நான் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போறேன். நான் வாயத் தெறக்குறதுக்குள்ள அவ கேட்டைத் தெறந்து விட்டுட்டா. தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, "கொட்டும் வேட்டும் மட்டும் வேண்டாம் ஐயா. மத்தபடி நிதானமாக் கொண்டு போங்க"ங்கிறா. எனக்குச் சப்புன்னு போச்சு. சண்டைக்குப் போனவனுக்குக் கேட்டைத் தெறந்து விட்டா அவன் எங்க போவான்? கொட்டு இல்லாம ஒரு சாவா, வேட்டு இல்லாம ஒரு சாவான்னு கேட்டேன். சனம் என்னைத்தான் சும்மா இருக்கச் சொல்லுச்சு.

கேட்டைத் தாண்டுனா கரை மேடு. அங்கனதான் பாடைய எறக்கித் தலைமாத்தி வைக்கிறது. பொம்பளைக அதுவரைக்கும்தான் வரலாம், திரும்பிரணும். அதே மேடுதான் தம்பி, நான் துண்டு வீசுற மேடு.

சேவுகன் பொண்டாட்டி பூமயிலு. எம் முன்னால நிமிந்து பேசுனதில்ல. நான் தெருவுல வந்தா கதவு மறைவுக்குப் போயிருவா. அன்னிக்கு நேரா எங்கிட்ட வந்தா. மடியில இருந்து அந்தத் துண்டை எடுத்தா. அவன் அன்னிக்கு வாங்கிட்டு வந்த அதே துண்டு. ஒரு தடவை விரிக்கல. பெட்டிக்குள்ள இருந்து இருந்து மடிப்பு ஓரமெல்லாம் பழுப்பேறிக் கெடக்கு. "மாமா, ஒரு தடவை வீசி விடுங்க, அவரு பேரைச் சொல்லி. ஒரே ஒரு தடவை"ன்னா.

ஊரே பாக்குது. நான் என்ன சொல்லணும்? சட்டம் தெரிஞ்சவன்ல. "இது சரணாலயம்மா. அடைகாக்கிற நேரம். துண்டைக் கண்டா பறவை கலைஞ்சுரும். சட்டம் ஒத்துக்காது"ன்னேன். சரியாச் சொன்னேனா இல்லையா? நீங்க பறவைக்காரரு, நீங்களே சொல்லுங்க. அதுக்கு அந்த ரேஞ்சரம்மா குறுக்க வந்து, "ஒரு தடவைதானே ஐயா, பரவாயில்ல, வீசுங்க"ங்கிறா. சட்டத்தைக் காக்க வேண்டியவ பேசுற பேச்சா இது? "ஏம்மா, நீ ரேஞ்சரா, நான் ரேஞ்சரா?"ன்னு கேட்டுப்புட்டேன்.

பூமயிலு கிட்ட வந்து, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "கை வலின்னா பரவாயில்ல மாமா"ன்னா. யாருக்குக் கை வலி? எனக்கா? "கை நல்லாத்தான் இருக்கு, சட்டம்தான் விடல"ன்னேன். அப்புறம் சொன்னா, "அவருக்கு எல்லாம் தெரியும் மாமா. நீங்க அந்த ஆபீசருக்கு எளநி வெட்டிக் குடுத்தப்ப, அவரு ஆட்டோட கருவ மரத்துக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தாரு."

என்ன தெரியும்? என்ன தெரியும்கிறேன்! தெரிஞ்சவன் கேக்க வேண்டியதுதானே? ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதுதானே? வருசா வருசம் வந்து, அண்ணே விட்டுருவாய்ங்களா, நீ சொன்னாக் கேப்பாருன்னு நின்னானே, அப்ப என் சட்டையப் புடிச்சிருக்கலாம்ல? ரெண்டு அறை விட்டிருக்கலாம்ல? நான் மண்ணை வாரித் தூத்துனப்ப பக்கத்துலதான் நின்னான். ஒரு வார்த்தை பேசல. என் மேல விழுந்த மண்ணைத் தட்டி விட்டான் தம்பி. அப்பிடிப்பட்ட அழுத்தக்காரன். எல்லாத்தையும் உள்ள வச்சுக்கிட்டு, என்னை இப்பிடி நடுக்கரையில நிக்க வச்சுட்டுப் போயிட்டான். அவனுக்கு நான் எதுக்கு வீசணும்? வீச மாட்டேன்னேன்.

அவ வீசிட்டா.

பொம்பள! முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு மேட்டுல ஏறி, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி வீசிட்டா. எந்தக் காலத்துலயாவது உண்டா? எங்க வம்சத்துல உண்டா? வீசுனது என்னமோ நல்லாத்தான் வீசுனா, இல்லைன்னு சொல்லக் கூடாது. எங்க அப்பன் வீசுற மாதிரி துண்டு பூரா விரிஞ்சு, செத்த நேரம் மேலேயே நின்னுட்டு அப்புறம் கீழ வந்துச்சு. எதிர்க்காத்துதான் அன்னிக்கும்.

பறவையா? ஒண்ணு எந்திரிக்கல. ஒத்த நாரை எந்திரிக்கல! கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பாத்துட்டு அதுபாட்டுக்கு உக்காந்திருக்கு. நன்றிகெட்ட சென்மங்க. அதுகளுக்காகத்தான் நான் அம்புட்டுப் பேரு முன்னாலயும் வாதாடுறேன். எனக்காக ஒண்ணாவது பறந்து காட்டியிருக்கலாம்ல?

அவ எறங்கி வந்து துண்டை மடிச்சு என் தோள்ல போட்டா. இந்தத் தோள்லதான். "ஒங்ககிட்டயே இருக்கட்டும் மாமா"ன்னு சொல்லிட்டு மத்த பொம்பளைகளோட திரும்பிப் போயிட்டா. அதான் அந்தப் பையில இருக்கு. சாட்சி வேணும்ல.

காரியமெல்லாம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சுச்சு, கெளம்பிட்டேன். இன்னிக்குத் திங்கக்கிழமை, கலெக்டரு குறை கேக்குற நாளு. வாசல்ல மனு எழுதிக் குடுக்கிறவன் இருப்பான், நான் சொல்லச் சொல்ல எழுதிருவான். சரணாலயத்துக்குள்ள சட்டத்தை மீறி துண்டு வீசுனது, அதுக்கு ரேஞ்சரே ஒடந்தை. ரெண்டு பேரு மேலயும் நடவடிக்கை எடுக்கணும். தம்பி பொண்டாட்டியா இருந்தா என்ன, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?

ஆனா என்னத்தச் சொல்லி எழுதச் சொல்றதுன்னுதான் ஊர்ல ஏறுனதுல இருந்து யோசிக்கிறேன். பறவை கலைஞ்சுச்சுன்னு எழுதலாம்னா, கலையல. சனம் தண்ணியில எறங்குச்சுன்னு எழுதலாம்னா, ஒருத்தன் எறங்கல. சத்தம் போட்டாய்ங்கன்னு எழுதலாம்னா, மூச்சு விட்ட சத்தம்கூட இல்ல.

என் வயித்தெரிச்சல் வேற தம்பி. நான் எம்புட்டு வருசம் வீசியிருக்கேன். துண்டு கீழ வர்றதுக்குள்ள முதுகைக் காட்டிட்டு ஓடிருவாய்ங்க. மீனைப் பாப்பான், பக்கத்துல இருக்கிறவன் ஊத்தாவைப் பாப்பான். வீசுனவனை எவன் பாத்தான்? சேவுகன் ஒருத்தன்தான். மீனுக்குப் போகாம, என் செருப்பைக் கையில வச்சுக்கிட்டு, கீழ நின்னு என்னையே அண்ணாந்து பாத்துக்கிட்டிருப்பான். போடா, போயி ரெண்டு மீனைப் புடின்னு வெரட்டுவேன். போக மாட்டான்.

அன்னிக்கு அவ வீசுறா, ஊரே நிக்கிது. ஒருத்தன் முதுகைக் காட்டல. அம்புட்டுக் கண்ணும் அவ மேலதான். வாச்சர் பய பாக்குறான், தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு அந்த ரேஞ்சரம்மா பாக்குறா. நானா? நான் கீழ நின்னேன். சேவுகன் நிக்கிற எடத்துல. நானும்தான் பாத்தேன்.

இதை மனுவுல எப்பிடித் தம்பி எழுதுறது? நீங்க படிச்சவருதானே, சொல்லுங்க.

சரி விடுங்க. பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. அந்தப் பையை எடுத்துக் குடுங்க. கை எட்டாமலெல்லாம் இல்ல. நீங்கதான் ரொம்ப உள்ளாற தள்ளி வச்சுட்டீக.